வாசலுக்கு வாசல்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த மாடி வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று எழுது. போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். போய்விட்டதா, இல்லை அதையே கூட வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாயா?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் ஊரிலிருந்து உன் ஊருக்கு எவ்வளவு தூரம்? தூரம் அளக்கிற ஆபீசில் தம்பியை வைத்துக்கொண்டு வேறு யாரைக் கேட்பது? ரோட்டில் போனால் எவ்வளவு, ஆகாயத்தில் போனால் எவ்வளவு, இரண்டையும் எழுது. வாரத்தில் மூன்று நாள் இங்கிருந்து உன் ஊருக்குச் சின்ன விமானம் ஒன்று போக ஆரம்பித்திருக்கிறது. ரோடு ரொம்பக் குலுக்குமா, உடம்பு முடியாதவர்கள் உட்கார்ந்து வர முடியுமா, அதையும் எழுது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு உன் ஊரில் ஏதோ வேலையாம்.

தையல் கடையில் வேலை குவிந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறையும் போர்வையும் தைத்துக் கொடுக்கிறோம். ஆள் ஆறு பேர், மெஷின் ஐந்து. அதனால் எப்போதும் ஒருத்தி நின்றுகொண்டு மற்ற ஐந்து பேருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருப்பாள். பெரும்பாலும் அது நான்தான்.

உன் மாமா லாரியை விற்றுவிட்டார். "ஓட்டினது போதும்" என்றார். வாசலில் லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. காலையில் அதன்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

எப்போது வருவாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ என்ன எழுதுவாய் என்பது எனக்கு மனப்பாடம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் என்னை விட்டுவிட்டது. தண்ணீர் வருகிறது, நான் தூங்கும்போது மட்டும். உங்கள் இருவர் நலம் அறிந்து சந்தோஷம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல். இரண்டு ஊர்களுக்கு நடுவே இருப்பது ஒரு தூரம் அல்ல, இரண்டு. வரைபடத்தில் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தால் வருவது நேர்தூரம். விமானம் போவது ஏறக்குறைய அதுதான். 290 கிலோமீட்டர். ரோடு அப்படிப் போகாது. மலையைச் சுற்ற வேண்டும். பிறகு ஆற்றைக் கடக்கப் பழைய பாலம்வரை கீழே இறங்கி, மறுபடி மேலே ஏற வேண்டும். அது 640. எங்கள் சாலை வரைபடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தூர அட்டவணை இருக்கிறதே, அதைத் தயாரிப்பது உன் தம்பிதான். தைரியமாகச் சொல்லலாம்.

மலைப்பகுதியில் ரோடு நன்றாகவே குலுக்கும். உடம்பு முடியாதவர் என்றால் விமானம்தான் நல்லது.

புதுப்பாலம் திறந்தாயிற்று, அதில் போனால் அறுபது கிலோமீட்டர் மிச்சம் என்று ஆபீசுக்குத் தகவல் வந்திருக்கிறது. நான் இன்னும் அட்டவணையில் சேர்க்கவில்லை. கண்ணால் பார்க்காமல் சேர்ப்பதாக இல்லை. அந்தப் பாலத்தால் ஒரு தடவை பட்டது போதும்.

ஆறு வருஷம் ஆகிறது. "புது மேப்புல பாலம் இருக்கு, அதுல போங்க மாமா" என்று சொன்னது நான்தான். பாதி கட்டின பாலத்தை எங்கள் ஆபீசில் யாரோ முழுக்கோடாகப் போட்டிருந்தார்கள். மாமா தக்காளி லோடோடு போய் அந்தரத்தில் நின்றார். சுற்றி வருவதற்குள் தக்காளி எல்லாம் சாறாகிவிட்டது. கோபம் வந்தது நியாயம். ஆனால் தெருவே வேடிக்கை பார்க்க, "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றாரே, அது எந்த ஊர் நியாயம்? நானும், "நீங்களா வான்னு சொல்லாம வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் இன்னும் சொல்லவில்லை. நான் இன்னும் வரவில்லை. அந்தக் கணக்கில் மட்டும் ஒரு பிசகும் இல்லை.

அது சரி, லாரியை ஏன் விற்றார்? சாகிறவரை ஓட்டுவேன் என்றவர் ஆயிற்றே.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் மாமாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தக்காளி வருகிற பத்தியை மட்டும் விட்டுவிட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன். 640 என்று படித்ததுதான் தாமதம், நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அறுநூத்தி நாப்பதா? எவன் சொன்னான்? அறுநூத்தி நாப்பத்தேழு. ஏழு கிலோமீட்டரை எந்த எலி தின்னுச்சாம்?"

"புத்தகத்தில் போட்டிருக்கிறதாம்" என்றேன்.

"புத்தகத்துல பாலம்கூடத்தான் போட்டிருந்தான்" என்றார். நான் எதைத் தாவினேனோ அதையே பிடித்துக்கொண்டார் பார். விமானக் கணக்கையும் விடவில்லை. "இருநூத்தித் தொண்ணூறா? அது காக்கா கணக்கு. காக்காவுக்கு டயர் தேயுமா, டீசல் தீருமா? தரையில உருண்டாத்தான் தூரம்." அன்றைக்கு முழுக்க இதே பேச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார்.

பேச்சோடு பேச்சாக உன் பழைய பேரும் வந்தது. "மைல்கல்லுக்கு அப்பவே அவசரம். கல்லு வர்றதுக்கு முன்னாடியே நம்பரைக் கத்துவான்" என்று சிரித்தார். லாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கல் கல்லாகப் படித்துக்கொண்டு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? ஊர் வந்ததும் குதித்து இறங்கிப் பின்னால் ஓடி, "வா, வா, வரலாம் வா" என்று லாரியை வாசலில் நிறுத்துவாய். மாமாவை ஏகவசனத்தில் கூப்பிட உனக்குக் கிடைத்தது அந்த ஒரு இடம்தான். அதனால் தேவைக்கு மேலேயே நாலு 'வா' சொல்வாய்.

பக்கத்து வீட்டுக்காரர் உனக்கு நன்றி சொன்னார். உன் ஊரில் நல்ல ஆஸ்பத்திரி ஏதாவது உண்டா என்றும் கேட்டார்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா?

மாமாவிடம் சொல். தூரத்தை நாங்கள் தலைமைத் தபால் நிலையத்திலிருந்து தலைமைத் தபால் நிலையத்துக்கு அளக்கிறோம். எல்லா ஊருக்கும் அதுதான் முறை. அந்த அட்டவணையில் ஏழு கிலோமீட்டர் உதைக்கிறது என்றால் என் வேலைக்கு அர்த்தமே இல்லை. மேலதிகாரி கையெழுத்துப் போட்ட எண் அது. டயர் தேய்ந்தால் லாரி மீட்டர் தூரத்தை அதிகமாகக் காட்டும். இதையும் சொல்.

இன்னொன்று. நான் உனக்கு எழுதுவதை அவருக்கு எதற்குப் படித்துக் காட்டுகிறாய்? நமக்குள்ளே ஒரு கடிதமாவது தனியாக இருக்கக் கூடாதா? அவருக்கு அவ்வளவு ஆசை இருந்தால் வாங்கித் தானே படிக்கட்டும். கண் இல்லையா என்ன?

லாரியைப் பற்றிக் கேட்டேன், பதிலையே காணோம். அப்புறம், உன் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, பூனைதான் குட்டி போட்டிருக்கிறது என்று போன வருஷம் எழுதினாய். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யார்? எந்த ஆஸ்பத்திரி, எதற்கு? மறைக்காமல் எழுது.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத ரொம்ப நாளாகிவிட்டது. நான் சுகம். இந்தத் தடவை என்னைப் பற்றி மட்டும்தான் அப்படி எழுத முடிகிறது.

'கண் இல்லையா என்ன' என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அவருக்குப் படிக்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. உனக்கு எப்படித் தெரியும்?

அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. வலது கண் போயே போய்விட்டது, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்றுதான் தெரியும். இடது கண்ணில் பனி மூடின மாதிரி இருக்கிறதாம், உள்ளே ரத்தம் கசிகிறது என்கிறார் டாக்டர். லாரியை விற்றது அதனால்தான். உன் ஊர் கண் ஆஸ்பத்திரியில்தான் இதற்கு ஆபரேஷன் செய்கிறார்கள். மழைக்காலம் வருவதற்குள் செய்தால் அந்த ஒரு கண்ணையாவது காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் அதுவும் இல்லை. ரோட்டில் குலுக்கிக்கொண்டு போகாதீர்கள், விமானத்தில் போங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

இவர் வரமாட்டேன் என்கிறார். "அவன் ஊர்ல போய் லாட்ஜ்ல படுக்கவா? அவன் வீட்டுக்குன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? மிதிக்காதேன்னு சொன்னவன் நான்." உனக்கு எழுதினால் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நீ திடுதிப்பென்று வந்து நின்றால் நான் சொன்னது தெரிந்துவிடும், எழுந்து வெளியே போய்விடுவார். கண் தெரியாமல் எங்கே போவார், சொல். அதனால் வராதே.

இதைக்கூட அவர் முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஏழு கிலோமீட்டர் சண்டையைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பாவி, எதிரே உட்கார்ந்து ஏமாற்றுகிறேன். அவர் சொன்னதையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன், பொய்யாகாமல் இருக்கட்டும்: "தபால் ஆபீஸ்ல எவனாவது குடியிருக்கானா? நான் அளந்தா வாசலுக்கு வாசல்தான். அதுவும் அவன் சந்துல நேரா போனா திரும்பி வர முடியாது, பின்னாலயே எடுக்கணும். அந்தக் கஷ்டத்தை எந்தப் புத்தகத்துல போடுவானாம்?"

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தம்பி. பயமாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

கடிதம் கிடைத்த கையோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜூன் இரண்டாம் வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். அங்கே எடுத்த கண் படங்களைக் கையோடு கொண்டுவர வேண்டும். வீட்டில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். ஆபீசில் தொலைபேசி மேலதிகாரி மேஜையில் இருக்கிறது, பேசினால் பத்துப் பேர் கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எதுவும் தெரியாத மாதிரி ஒரு தாள் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அதை மட்டும் மாமாவுக்குப் படி.

'பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு வணக்கம். தாங்கள் கூறிய ஏழு கிலோமீட்டர் வித்தியாசம் குறித்து நேரில் விவாதிக்க வேண்டியுள்ளது. ஆகவே ஜூன் மாதத்தில் தாங்கள் அக்காவுடன் இங்கு வந்து சில வாரங்கள் தங்கிச் செல்லுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.'

எப்படி இருக்கிறது? இரண்டு மணி நேரம் யோசித்து எழுதினேன்.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறது என்றா கேட்டாய்? விளங்கினாற்போல்தான் இருக்கிறது.

'பெருமதிப்புக்குரிய' என்று ஆரம்பித்ததுமே அவர் தலையைத் திருப்பினார். 'பணிவன்புடன்' வந்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "மைல்கல் இப்படிப் பேசறான்னா ஒண்ணு அவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கணும், இல்லே நீ சொல்லியிருக்கணும். அவன் கிறுக்கன் இல்லே" என்றார். அதோடு சரி. இரண்டு நாள் பேசவில்லை, சாப்பாட்டையும் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் சாப்பிட்டார்.

நேற்று டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். மேஜை நனைந்தது தெரியாமல் டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். காலி டம்ளர். நான் பார்க்கவில்லை என்று நினைத்து, குடித்து முடித்த மாதிரி கீழே வைத்தார். நானும் பார்க்காத மாதிரி துடைத்தேன்.

போய்த்தான் ஆக வேண்டும் என்று சண்டை போட்டேன். "கூப்பிடாத வாசல்ல போய் நிக்கறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதுடி" என்றார். "அவன்தான் கூப்பிட்டாச்சே" என்றேன். "அது என்னைக் கூப்பிடலே. என் கண்ணைக் கூப்பிடறான்" என்றார். "உங்களுக்கு மட்டும் தெரியுமோ, கூப்பிடாத வாசலில் நிற்பது?" என்று கேட்டேன். நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

எனக்கு உங்கள் இரண்டு பேர்மேலும் எரிச்சலாக வருகிறது. பன்னிரண்டு வயசுப் பையனாக உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வாழ வந்தேன். நமக்குப் பிள்ளை இல்லையே என்று நான் அழுதபோதெல்லாம், "அதான் லாரில ஒண்ணு உக்காந்து கத்திக்கிட்டு வருதே" என்பார். அந்த மனுஷன் இன்றைக்கு உன் வீட்டுக்கு வர ரோஷம் பார்க்கிறார். நீ அவருக்கு மனு எழுதுகிறாய். நான் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


மே 9

மாமாவுக்கு,

இது உங்களுக்கு. அக்கா இதை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு தாவுகிற வேலை கூடாது.

கண் விஷயம் எனக்குத் தெரியும். அக்காவைத் திட்டாதீர்கள். நான் எழுத வந்தது தூரத்தைப் பற்றி.

ஏப்ரல் மாதக் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் தடவை படித்தபோது கண் என்ற சொல்லைத் தாண்டி எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஆபீஸ் ஜீப்பை வாங்கிக்கொண்டு தலைமைத் தபால் நிலையத்திலிருந்து என் வாசல்வரை வந்து பார்த்தேன். மீட்டர் ஆறு காட்டியது. உங்கள் வீட்டிலிருந்து அந்த ஊர்த் தபால் நிலையம் ஒன்று. ஆக ஏழு. நீங்கள் சொன்ன 647 சரி. நான் சொன்ன 640ம் சரி.

ஆனால் மாமா, சண்டை வந்த சமயம் நான் குடியிருந்தது தபால் நிலையத்துக்குப் பின்பக்கத்து அறையில். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அக்கா இந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. இது முட்டுச்சந்து, லாரியைப் பின்னாலேயே எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கடித உறையில் என் விலாசம் இருக்கும். சந்தின் அகலம் இருக்காது.

நீங்கள் வந்திருக்கிறீர்கள். என் வாசல்வரை வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறீர்கள். நான் மாடியில் ரேடியோ கேட்டுக்கொண்டு படுத்திருந்திருப்பேன். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கும். என்னுடைய பக்கத்து வீட்டுக்காரர் நிஜமாகவே இருக்கிறார்.

வண்டியைப் பின்னால் எடுத்தால் ஒருத்தன் பின்னால் நின்று சொல்ல வேண்டும். அன்றைக்கு உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்ல வேண்டியவன் மாடியில் இருந்தான். இப்போது சொல்கிறேன். அக்கா, இதைச் சத்தமாகப் படி.

வா. வா. வா. வரலாம், வா.

மைல்கல்


மே 22

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி ஒரு வரி விடவில்லை. கடைசி வரியை மட்டும் முணுமுணுத்தேன். அவர் எண்ணெய்க் கறைமேல் நாற்காலியில் தெருவைப் பார்த்தபடி இருந்தார். "சரியா கேக்கலே, இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். தெருவில் போன இரண்டு பேர் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் அவர், "இன்னும் நிறுத்துன்னு சொல்லலையே அவன்" என்றார்.

நிஜமாகப் போனீர்களா என்று கேட்டேன். "லோடு இறக்கப் போனேன். வழியில இருந்துச்சு" என்றார். "முட்டுச்சந்துக்குள் யாருக்கு என்ன லோடு?" என்றேன். தலையைச் சொறிந்தார். "காலி லாரிடி. லோடெல்லாம் ஒண்ணும் இல்லே" என்றார்.

அந்த 647 கிலோமீட்டரும் காலி லாரியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், தம்பி. என்னிடம் சிமெண்ட் லோடு என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். உன் மாடியில் கொடி கட்டியிருந்ததாம். "இன்னும் சட்டையை உள்பக்கம் திருப்பாமத்தான் காயப்போடறான், வெயில்ல சாயம் போயிடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கே" என்று என்னைக் கேட்கிறார். மணி அடிக்கக் கையைக்கூடத் தூக்கினாராம். மிதிக்காதே என்று சொன்னவன் எப்படி மிதிப்பது என்று இறக்கிவிட்டாராம். ஒரு மணி நேரம் லாரியிலேயே உட்கார்ந்திருந்து, பால்காரர் வழி கேட்டு ஹாரன் அடித்ததும் கிளம்பியிருக்கிறார்.

பிறகு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்படியே எழுதுகிறேன். "அவனை வரச்சொல்லு. வாசப்படி மிதிச்சு உள்ள வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச்சொல்லு. அந்தக் காக்கா வண்டியிலயே வர்றேன்."

கடையில் போர்வை எல்லாம் ஜூலை கடைசிக்குள் போக வேண்டும், அதோடு ஆட்களும் குறைவு. நான் பின்னால் வருகிறேன். நீ வா. நானும் சொல்லிவிட்டேன், வா.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். ஆபரேஷன் நாளை மறுநாள். மாமா கட்டிலைத் தட்டிப் பார்த்து, மரம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று.

உன் வீட்டு வாசப்படியில் நான் கால் வைத்தபோது, "சத்தமா வை, எனக்குக் கேக்கணும்" என்றாரே, அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். விமானத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தவர் இறங்குகிறவரை விடவில்லை. பயமா என்றால், "பயமா? நீ விழுந்துடாம பிடிச்சிருக்கேன்" என்றார். ஜன்னல் பக்கம் நான். கீழே தெரிகிறதை எல்லாம் சொல்லச் சொன்னார். மலையைச் சொன்னேன், அதைச் சுற்றிக்கொண்டு வருகிற ரோட்டைச் சொன்னேன். ஆறு வந்தது.

"பாலம் தெரியுதா?"

"தெரியுது மாமா. முழுசா இருக்கு. மேல ரெண்டு லாரி போகுது."

"நல்லா பாத்துச் சொல்லு. இந்தக் கரையிலருந்து அந்தக் கரை வரைக்குமா?"

"அந்தக் கரை வரைக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டார். "லாரில என்ன லோடு?" என்றார். தக்காளியாக இருக்கும் என்றேன். என் கையில் நறுக்கென்று கிள்ளினார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் விமானப் பணிப்பெண் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

என் சந்துக்குள் டாக்சிக்காரர் வரமாட்டேன் என்றார். மாமா முன்சீட்டில் இருந்தார். "பின்னாலயே எடுப்பா. இடது பக்கம் மின்கம்பம் இருக்கும், அதைத் தாண்டினா தாராளம்" என்றார். கண் தெரியாத மனுஷர் வழி சொல்கிறாரே என்று டாக்சிக்காரர் என்னைப் பார்த்தார். நான் இறங்கிப் பின்னால் போய் நின்றேன். "வா, வா, வரலாம் வா" என்றேன். மாமா ஜன்னலில் தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். வாசலுக்கு நேராக வந்ததும் நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு. அவரே சொன்னார்.

தம்பி


ஜூலை 26

வீட்டுக்காரம்மாவுக்கு,

நான்தான். கையெழுத்தைப் பார்த்து எவனோ என்று நினைத்துவிடாதே. எழுத்து பூசணிக்காய் அளவில் இருக்கிறது, வரி மலைரோடு மாதிரி வளைகிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பத்திரமாக வை.

உடம்பு சுகம். நீ சுகமா? இடது கண் தெரிகிறது. வலது கண் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகட்டும், ஒன்று போதும். மைல்கல்லைப் பார்த்தேன். தலையில் முன்பக்கம் பாதி காலி. அவனிடம் சொன்னேன், ரோஷப்படுகிறான். சட்டையைத் திருப்பிக் காயப்போடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

கண்ணுக்குள் ஏதோ காற்று அடைத்திருக்கிறார்களாம். அது கரைகிறவரை ஆகாயத்தில் ஏறக் கூடாதாம், ஏறினால் உள்ளே வீங்கிவிடுமாம். காக்கா வண்டி வேண்டாம் என்று நான் சொன்னால் யாரும் கேட்கவில்லை, டாக்டர் சொன்னால் கேட்கிறீர்கள். பக்குவமாக ரோட்டில் போகலாம் என்றார். நீ கிளம்பி வர வேண்டாம், நாங்களே வந்துவிடுகிறோம். பையன் ஆபீசில் பாலத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி ஜீப்பை வாங்கிவிட்டான். அதில் போனால் வாசலுக்கு வாசல் 587 என்கிறான். அவன் சொல்வதை நம்பி ஒரு தடவை பட்டவன் நான். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரே சண்டை. வண்டியை நான் ஓட்டுகிறேன் என்றேன், சாவியை ஒளித்து வைத்துவிட்டான். சரி போ என்று விட்டுக்கொடுத்துவிட்டேன். அவன் ஓட்டட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கல் கல்லாக நான் படித்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
லாரி இல்லாத டிரைவர்